ஃப்ளேவனாய்டுன்னா என்ன? அத்தை கொண்டுவந்த டப்பாவுல இருந்து ஆரம்பிப்போம்

போன மாசம் அத்தை ஊர்ல இருந்து வந்தப்ப பையில இருந்து முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடின்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சுட்டு கடைசியா ஒரு டப்பாவ எடுத்து என் கையில குடுத்தாங்க. 60 கேப்ஸ்யூல், 1,400 ரூபா. அவங்க தெருவுல ஒரு அக்கா விக்கிறாங்களாம், சுகர்லேருந்து முட்டிவலி வரைக்கும் எல்லாத்துக்கும் கேக்குமாம். மேல பச்சை எழுத்துல ஃப்ளேவனாய்டு, ஆன்டிஆக்ஸிடன்ட்னு பெருசா போட்டிருக்கு, பக்கத்துல ஒரு இலை படம் வேற.

"டேய், நீ கெமிஸ்ட்ரிதான படிச்ச. இது நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னாங்க.

ஒரே வார்த்தையில சொல்ல முடியல அத்தைன்னேன், "அப்ப நீ என்னத்த படிச்ச"ன்னுட்டு காபி போட போயிட்டாங்க. அன்னைக்கு அவங்ககிட்ட துண்டு துண்டா சொன்னத, விட்டதையும் சேத்து இங்க எழுதுறேன். கெமிஸ்ட்ரி தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதுறேன், புரியலைன்னா அது என் தப்பு.

முதல்ல பேரு. ஃப்ளேவஸ்னா லத்தீன்ல மஞ்சள். செடிகள்ல இருந்து மஞ்சள் சாயம் எடுத்தப்ப கிடைச்ச சாமான்ங்கறதால அந்தப் பேரு. வெங்காயத்தோட காஞ்ச தோலத் தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சா மஞ்சளும் பழுப்புமா ஒரு சாயம் இறங்கும் பாருங்க, துணிக்குக் கூட போடுவாங்க, அதுல இருக்குற முக்கியமான ஆளு குவெர்செட்டின், அது ஒரு ஃப்ளேவனாய்டு. ஆனா இதுல ஒரு வேடிக்கை, பேருலயே மஞ்சள் இருக்கு, நம்ம சமையல் மஞ்சள்ல இருக்குற குர்குமின் ஃப்ளேவனாய்டு கிடையாது. அது தூரத்துச் சொந்தம். ரெண்டுமே பாலிஃபீனால்ங்கற பெரிய குடும்பம், ஆனா வேற வேற கிளை.

உருவம் எப்படின்னு கேட்டா, பதினஞ்சு கார்பன் சேந்த ஒரு கட்டமைப்பு. ரெண்டு ஓரத்துலயும் ஆறு கார்பன்ல ஒரு அறுகோண வளையம், நடுவுல மூணு கார்பன் பாலம் மாதிரி. இந்த வளையங்கள்ல அங்கங்க ஒரு ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிட்டு இருக்கும், அது எங்க ஒட்டியிருக்கு, எத்தனை ஒட்டியிருக்கு, கூட சர்க்கரை ஏதாவது தொங்குதாங்கறத வச்சுதான் ஆயிரக்கணக்கான வகை வருது. அவ்வளவு பேரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். வெங்காயம், முருங்கைக்கீரை, ஆப்பிள்னா குவெர்செட்டின் கூட்டம். டீத்தூள், கோகோன்னா கேட்டெச்சின் கூட்டம். ஆரஞ்சு, சாத்துக்குடின்னா ஹெஸ்பெரிடின், அதுவும் சுளைய விட நாம பிச்சு எறியுற வெள்ளை நார்லதான் ஜாஸ்தி. பம்ப்ளிமாஸ் கசக்குதே அதுக்குக் காரணம் நாரிஞ்சின். சோயாவுல ஐசோஃப்ளேவோன். அப்புறம் நாவல்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிக் காட்டுவோமே, அந்த ஊதா இருக்கே, அது ஆந்தோசயனின்.

இந்த ஆந்தோசயனின வச்சு வீட்டுலயே ஒரு விளையாட்டு பண்ணலாம், பசங்க இருந்தா கண்டிப்பா பண்ணுங்க. சங்குப்பூ நாலஞ்சு பறிச்சு வெந்நீர்ல போடுங்க, நல்ல நீலம் இறங்கும். அதுல அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கண்ணு முன்னாடியே ஊதாவா மாறும். இன்னொரு டம்ளர்ல ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டா பச்சை பக்கம் போகும். புளிப்பு ஏறினா அந்த மூலக்கூறோட வடிவம் லேசா மாறுது, வடிவம் மாறினா நிறமும் மாறுது, அவ்வளவுதான் மந்திரம். கருப்பு கவுனி அரிசியோட கருப்பும் இதே ஆள்தான், தவிட்டுலதான் இருக்கு, அதனால கவுனிய பாலிஷ் போட்டு வித்தா அது பேருக்குக் கவுனி.

ஆனா சிவப்பா இருக்குறதெல்லாம் ஃப்ளேவனாய்டுன்னு நினைச்சுடாதீங்க. தக்காளி சிவப்பு லைகோபீன், கேரட்டுல இருக்குறது கரோட்டீன், அது வேற குடும்பம். பீட்ரூட் சிவப்பும் செங்கீரை சிவப்பும் பீட்டலைன்னு இன்னொண்ணு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பீட்டலைன் செய்யுற செடி ஆந்தோசயனின் செய்யாது, அது செய்யுற செடி இத செய்யாது, ரெண்டையும் ஒரே செடியில இதுவரைக்கும் யாரும் இயற்கையா பாத்ததில்ல. ஒரு ஓட்டல்ல பிரியாணியும் பூரியும் சேத்துப் போடமாட்டேங்கற மாதிரி, ஏன்னு கேட்டா இன்னும் முழுசா பதில் இல்ல.

சரி செடி இத எதுக்கு செய்யுது? நமக்காக செய்யல, அத மட்டும் முதல்ல தெளிவாக்கிக்கணும். செடிக்கு நிழலுக்குப் போய் ஒதுங்க முடியாது, உச்சி வெயில்ல நின்னே ஆகணும், அதனால இலையோட மேல்தோல்ல ஃப்ளேவனாய்ட நிறைச்சு வச்சு அல்ட்ராவயலட் கதிர அங்கேயே வடிகட்டிடுது. பூவுக்கு நிறம் குடுத்து வண்ட கூப்பிடுது. பூச்சி கடிச்சா வாயில கசக்க வைக்குது. இன்னொண்ணு மண்ணுக்குள்ள நடக்குது. நிலக்கடலை செடிய புடுங்கினா வேர்ல குட்டி குட்டியா முடிச்சு இருக்கும் பாத்திருப்பீங்க, உள்ள ரைசோபியம்னு பாக்டீரியா குடியிருந்து காத்துல இருக்குற நைட்ரஜனப் புடிச்சு செடிக்குக் குடுக்குது. அந்த பாக்டீரியாவ செடி கூப்பிடுறதே வேர் வழியா ஃப்ளேவனாய்ட மண்ணுக்குள்ள கசிய விட்டுத்தான். அந்த வாசனை பட்டதும் பாக்டீரியாவுல முடிச்சு போடுற ஜீன்கள் முழிச்சுக்குது. வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரிதான். இந்த 'வாசனை பட்டதும் ஜீன் முழிச்சுக்குது'ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி நம்ம உடம்புக்கு வரும்போது தேவைப்படும்.

இப்ப அந்தப் பெரிய வார்த்தை, ஆன்டிஆக்ஸிடன்ட்.

வாழைப்பூ ஆஞ்சிருக்கீங்களா? கள்ளன எடுத்துட்டு நறுக்கி அப்படியே தட்டுல வச்சா பத்து நிமிஷத்துல கருத்துப்போகும், கையும் கருக்கும், அதனாலதான் அம்மா மோர்த்தண்ணியில போடச் சொல்றது. அங்க என்ன நடக்குதுன்னா பூவுக்குள்ள இருக்குற பாலிஃபீனால், கத்தி பட்டு செல் உடைஞ்சதும் வெளிய வந்து, ஒரு என்சைம் உதவியோட காத்துல இருக்குற ஆக்ஸிஜனுக்கு எலக்ட்ரான குடுத்துட்டு தான் கருத்துப்போகுது. மோரோட புளிப்புல அந்த என்சைம் மந்தமாயிடும், அவ்வளவுதான். நமக்கு இதுல தேவையான சேதி ஒண்ணு, இந்த சாமான்களுக்கு எலக்ட்ரான குடுக்குறதுல தயக்கமே கிடையாது.

நம்ம உடம்புக்குள்ளயும் சோறு எரிஞ்சு சக்தியாகும்போது எலக்ட்ரான் குறைபாட்டோட சில மூலக்கூறு உருவாகும், ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றது இதத்தான். அதுக்குப் பொறுமையே கிடையாது, பக்கத்துல இருக்குற கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ யாரு கிடைச்சாலும் ஒரு எலக்ட்ரான பிடுங்கிடும். இப்ப பறிகொடுத்தவனுக்குக் குறை, அவன் அடுத்தவன்கிட்ட பிடுங்குவான். மாசக்கடைசியில தெருவுல ஒருத்தர் கைமாத்து வாங்குறாரு, குடுத்தவருக்கு முடை வந்து அவரு அடுத்த வீட்டுல கேக்குறாரு, அவரு அடுத்த வீட்டுல, தெருவே கடனாளியாகுற கதை. ஆன்டிஆக்ஸிடன்ட்ங்கறது நடுவுல வந்து 'இந்தா வச்சுக்கோ'ன்னு குடுத்துட்டு, தான் போய் யார்கிட்டயும் கேக்காத ஆளு. ஃப்ளேவனாய்டால அது எப்படி முடியுதுன்னா, அந்தக் குறை அதோட அறுகோண வளையம் பூரா பரவிடுது, கூட்டுக்குடும்பத்துல ஒருத்தருக்கு வந்த செலவ எல்லாரும் பங்கு போட்டுக்கிட்ட மாதிரி, யாருக்கும் பெருசா வலிக்காது. டெஸ்ட் ட்யூப்ல இத அழகா காட்டலாம். நானே காலேஜ் லேப்ல காட்டியிருக்கேன், ஊதா நிறத்துல ஒரு ராடிக்கல் கரைசல், டிபிபிஎச்னு பேரு, அதுல டீ டிகாக்‌ஷன் ரெண்டு சொட்டு விட்டா ஊதா போய் மஞ்சளாயிடும். பாக்க ஜோரா இருக்கும்.

அந்த டெஸ்ட் ட்யூப்ப நம்பித்தான் டப்பா வியாபாரமே ஓடுது. பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

ஏன்னா டெஸ்ட் ட்யூப்புக்கு வயிறு கிடையாது. நாம திங்கிற ஃப்ளேவனாய்டுல பாதியோ கால்வாசியோதான் உள்ள போகுது, சில வகையில அதுவும் இல்ல. உள்ள போனதையும் குடலும் கல்லீரலும் சேந்து உடனே சல்ஃபேட், க்ளூக்குரோனிக் அமிலம்னு ஏதாவது ஒட்டிவிட்டு சிறுநீர் பக்கம் தள்ளப் பாக்குது, உடம்பு இத ஒரு வெளியாளாத்தான் நடத்துது. எல்லாம் போக ரத்தத்துல நிக்கிறது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலார் (ஒரு சாமான் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு சொல்ற சின்ன அளவு) அளவுக்கும் கீழ. அதே ரத்தத்துல விட்டமின் சி சாதாரணமா 50 மைக்ரோமோலார் பக்கம் இருக்கு, யூரிக் ஆசிட் ஒரு 200, 300 இருக்கு, ரெண்டுமே எலக்ட்ரான் குடுக்கக்கூடிய ஆளுங்கதான். ஆயிரம் பேரு வேலை பாக்குற மில்லுல புதுசா ரெண்டு பேர சேத்தா உற்பத்தி எவ்வளவு கூடும், நீங்களே சொல்லுங்க.

இதுல ஒரு சுவாரஸ்யமான கண்டுபிடிப்பு உண்டு. ஆப்பிள் சாப்பிட்டதும் ரத்தத்தோட ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி நிஜமாவே ஏறுது, அளந்து பாத்தா தெரியுது. அமெரிக்காவுல ஓரிகான் மாநில யுனிவர்சிட்டியில இருந்த ஆட்கள் ஏன் ஏறுதுன்னு நோண்டினாங்க. பாத்தா ஆப்பிள்ல இருக்குற ஃப்ரக்டோஸ் சர்க்கரையால யூரிக் ஆசிட் ஏறியிருக்கு, அதனாலதான் அந்த அளவும் ஏறியிருக்கு, ஃப்ளேவனாய்டோட பங்கு ஒண்ணும் பெருசா இல்ல. யூரிக் ஆசிட் ஏறினதுக்கு டாக்டர்கிட்ட போவோமா, இல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படுவோமா? அமெரிக்க விவசாயத்துறை ஒரு காலத்துல ஒவ்வொரு காய்கனிக்கும் ஓராக்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் மார்க் போட்டு பட்டியல் வெளியிட்டுட்டு இருந்துச்சு, கம்பெனிங்க எல்லாம் அந்த மார்க்க எடுத்து லேபிள்ல போட்டு வித்தாங்க. 2012ல அந்தப் பட்டியலையே இழுத்து மூடிட்டாங்க, டெஸ்ட் ட்யூப் மார்க்குக்கும் மனுஷ உடம்புக்கும் சம்பந்தம் காட்ட முடியலைன்னு. ஆனா லேபிளுங்க மட்டும் இன்னும் மூடல.

அப்ப ஃப்ளேவனாய்டு டுபாக்கூரான்னா, அதான் இல்ல. இதுக்குத்தான் அத்தைகிட்ட ஒரே வார்த்தையில சொல்ல முடியலைன்னேன்.

கதைய கொஞ்சம் பின்னாடி ஓட்டுவோம். ஹங்கேரியில ஆல்பர்ட் ஸென்ட் ஜியார்ஜின்னு ஒரு விஞ்ஞானி, விட்டமின் சி சம்பந்தமான வேலைக்கு 1937ல நோபல் வாங்கினவரு. ரத்தநாளம் வலுவில்லாம தோலுக்கடியில கசியுற நோயாளிகளுக்கு எலுமிச்சை, குடைமிளகா இதுலேருந்து எடுத்த சாறு குடுத்தா கேக்குது, சுத்தமான விட்டமின் சி மட்டும் குடுத்தா அந்த அளவுக்குக் கேக்கலைன்னு அவரு கூட்டம் பாத்துச்சு. அப்ப சாறுல வேற ஏதோ இருக்குன்னு 1936ல அதுக்கு விட்டமின் Pன்னு பேரு வச்சாங்க (நமக்குத் தெரிஞ்ச B இல்ல, இது P). அதுல இருந்தது ஃப்ளேவனாய்டு. பின்னால, இது இல்லாட்டி வர்ற நோய்னு ஒண்ணையும் காட்ட முடியாததால விட்டமின் பட்டத்த பறிச்சுட்டாங்க. பட்டம் போனாலும் வேலை போகல. இன்னைக்கு மூலத்துக்கும் காலுல நரம்பு சுருட்டிக்கிறதுக்கும் டாக்டர் எழுதிக்குடுக்குற 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு இருக்கு, பாக்கெட்டத் திருப்பிப் படிச்சா டயாஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50ன்னு இருக்கும். ரெண்டுமே ஃப்ளேவனாய்டு. ஹெஸ்பெரிடின் நாம பிச்சு எறியுற அந்த வெள்ளை நார் சரக்கேதான். மாமாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அந்த மாத்திரைய எழுதினப்ப, ஆரஞ்சு பழத்து சமாச்சாரத்த வச்சா மூலத்துக்கு வைத்தியம் பண்றாங்கன்னு அவரு நம்பவே இல்ல.

ஆக இதோட நிஜமான வேலை ரத்தக்குழாய் பக்கம் இருக்குற மாதிரி தெரியுது. ரத்தக்குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒரு வாயுவ கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே இருக்கும், அது பட்டா குழாய் தளர்ந்து விரியும், ரத்தம் சுலபமா ஓடும். கோகோ, டீ இதுல இருக்குற கேட்டெச்சின் வகையறா அந்த வாயு வெளிய வர்றதுக்கு உதவுது. ரெண்டாவது, முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, பாக்டீரியாவுக்கு ஜீன் முழிச்ச கதை, கிட்டத்தட்ட அதே கதை நம்ம செல்லுலயும் நடக்குது. உடம்பு இத வெளியாளா பாக்குதுன்னு சொன்னேன்ல, அந்த லேசான எரிச்சல்ல என்ஆர்எஃப்2ன்னு ஒரு புரதம் முழிச்சுக்கிட்டு போய் நம்ம சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம் செய்யுற ஜீன்கள தட்டி எழுப்புது. அதாவது ஃப்ளேவனாய்டு தானே சண்டை போடுறத விட, ராத்திரி விசில் ஊதி தெருவ எழுப்பிவிடுற கூர்க்கா வேலைதான் அதிகமா பாக்குது. அதுக்கு ரெண்டு பேரு போதும்.

மூணாவது பெருங்குடல். சிறுகுடல்ல உள்ள போகாத மிச்சம் வீணாப்போகல, கீழ இருக்குற பாக்டீரியா அத உடைச்சு சின்னச் சின்ன அமிலமா மாத்தி நமக்குக் குடுக்குது. இதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. சோயாவுல இருக்குற டெய்ட்ஸைன ஈக்வால்னு ஒரு பொருளா மாத்துற பாக்டீரியா சிலர் வயித்துல உண்டு, சிலர் வயித்துல கிடையாது, மேல்நாட்டுல மூணுல ஒருத்தருக்குக் கூட இல்ல, ஜப்பான் மாதிரி இடங்கள்ல பாதிப்பேருக்கு இருக்கு. ஒரே சாப்பாடு, ரெண்டு பலன்.

மனுஷங்க மேல பாத்த ஆதாரம்னா, பழசுல முக்கியமானது நெதர்லாந்துல ஸட்ஃபென் ஊர்ல நடந்த ஆய்வு. 65லேருந்து 84 வயசு ஆம்பளைங்க 805 பேரு, என்ன சாப்பிடுறாங்கன்னு எழுதி வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் பின்தொடர்ந்து 1993ல வெளியிட்டாங்க. ஃப்ளேவனாய்டு அதிகமா சாப்பிட்ட கூட்டத்துல மாரடைப்பு மாதிரி இதயநோய் சாவு, கம்மியா சாப்பிட்டவங்கள விட பாதிக்கும் கீழ இருந்துச்சு. எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு நினைக்கிறீங்க, அவங்க அளந்த வகைகள்ல சராசரி நாளுக்கு 26 மில்லிகிராம். வந்த வழி டீ 61 சதவீதம், வெங்காயம் 13, ஆப்பிள் 10. எல்லாம் சாதாரண மளிகைக்கடை சாமான்.

அதே ஆராய்ச்சியாளர் வேல்ஸ்ல கெயர்ஃபிலிங்கற ஊர்ல இதே மாதிரி பாத்து 1997ல வெளியிட்டப்ப பலன் ஒண்ணையும் காணோம். அங்கயும் ஃப்ளேவனாய்டு டீயிலதான் வருது. ஒரு வித்தியாசம், வேல்ஸ்காரங்க நம்மள மாதிரி பால் ஊத்திக் குடிப்பாங்க. உடனே பால் கெடுக்குதான்னு கேள்வி வந்துச்சு. 2007ல பெர்லின்ல 16 பொம்பளைங்களுக்கு அரை லிட்டர் கட்டன் டீ குடுத்து கையில ரத்தக்குழாய் எவ்வளவு விரியுதுன்னு ஸ்கேன்ல பாத்தாங்க, நல்லா விரிஞ்சுது. அதுலயே பத்து சதவீதம் பால் கலந்து குடுத்தா விரியல. பால்ல இருக்குற கேசீன் புரதம் கேட்டெச்சின கட்டிப்புடிச்சுக்குதுங்கறது அவங்க விளக்கம். ஆனா பால் கலந்தாலும் கேட்டெச்சின் ரத்தத்துக்குப் போகுதுன்னு காட்டின ஆய்வும் இருக்கு, 16 பேரு ரொம்ப சின்ன எண்ணிக்கை வேற. என்னைக் கேட்டா டீ குடிக்கிறவங்க யாரு, கூட சிகரெட் பிடிக்கிறாங்களா, என்ன வேலை பாக்குறாங்கங்கறதும் ஊருக்கு ஊரு மாறும், மொத்தப் பழியையும் பால் மேல போட முடியாது. நான் காலையில பால் டீதான் குடிக்கிறேன், அத விடுறதா இல்ல.

இப்படி பின்தொடர்ந்து பாக்குற ஆய்வுல எப்பவுமே இந்தச் சந்தேகம் வரும், வெங்காயமும் ஆப்பிளும் சாப்பிடுறவங்க மத்தபடியும் உடம்பப் பாத்துக்கறவங்களா இருக்கலாமே. அதனால சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி ஆள பிரிச்சு ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, மறு பாதிக்கு டம்மின்னு குடுத்துப் பாக்கணும். அமெரிக்காவுல காஸ்மோஸ்னு அப்படி ஒண்ணு நடந்துச்சு, 21,442 வயசானவங்க, தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால் (கேட்டெச்சின் கூட்டத்தத்தான் இப்படிச் சொல்றது), மூணரை வருஷத்துக்கு மேல. 2022ல ரிசல்ட். முதல்ல கேட்ட கேள்வி மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேத்து மொத்தமா குறையுதாங்கறது. 10 சதவீதம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அது தற்செயலா வந்திருக்கலாம்னு ஒதுக்குற அளவுதான். ஆனா இதயநோயால செத்தவங்க எண்ணிக்கை 27 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நல்ல சேதிதான், ஆனா அது ரெண்டாவதா கேட்ட கேள்வி, அதுவும் செலவுல ஒரு சாக்லேட் கம்பெனியோட காசும் இருக்கு, அதனால நான் பாதி சந்தோஷத்தோட நிறுத்திக்கிறேன். இதப் பாத்துட்டு சாக்லேட் வாங்க ஓடாதீங்க, கடை சாக்லேட்டுல சர்க்கரையும் கொழுப்பும் போக, கசப்பு போகட்டும்னு கோகோவ கார உப்பு போட்டு பதம் பண்ணும்போது ஃப்ளேவனாலும் சேந்து போயிடுது.

"சரிடா, நல்லதுன்னு நீயே சொல்ற, அப்ப மாத்திரையா போட்டா என்ன?" இது அத்தை, காபி டம்ளரோட.

இதுக்கு பதில் வெங்காயத்துலயே இருக்கு. 1995ல நெதர்லாந்துல, பெருங்குடல் எடுத்துட்டவங்க 9 பேருக்குக் குடுத்து எவ்வளவு உள்ள போகுதுன்னு பாத்தாங்க. சுத்தமான குவெர்செட்டினா குடுத்தா 24 சதவீதம் போச்சு. வறுத்த வெங்காயமா குடுத்தா 52. வெங்காயத்துல குவெர்செட்டின் மேல ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கு, குடல் அந்த குளுக்கோஸ்காக கதவத் தொறக்குது, இதுவும் உள்ள போயிடுதுங்கறது அவங்க விளக்கம். அப்ப கிலோ நாப்பது ரூபா வெங்காயம் 1,400 ரூபா டப்பாவ தோக்கடிக்குது. தோலுக்குப் பக்கத்துல இருக்குற வெளி அடுக்குலதான் குவெர்செட்டின் அதிகம், வெள்ளை வெங்காயத்துல ரொம்பக் கம்மி, அதனால உரிக்கும்போது நல்ல அடுக்கு ரெண்ட சேத்துப் பிச்சு எறியாதீங்க. கொதிக்க வச்சா கொஞ்சம் தண்ணியில இறங்கிடும், சின்ன வெங்காய சாம்பார்ல அந்தத் தண்ணியத்தான் சோத்துல ஊத்திக்கிறோம், நஷ்டமில்ல.

ரெண்டாவது, அளவு கூடினா குணம் மாறும். க்ரீன் டீயா குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஆனா அதுலேருந்து இஜிசிஜிங்கற கேட்டெச்சின தனியா எடுத்து மாத்திரையா நாளுக்கு 800 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ போட்டவங்களுக்கு கல்லீரல் என்சைம் ஏறுனத ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல எடுத்துச் சொல்லியிருக்கு. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைங்க கதையிலேயே பெரிய அடி ஃப்ளேவனாய்டுல இல்ல, பீட்டா கரோட்டீன்ல. ஃபின்லாந்துல சிகரெட் பிடிக்கிற 29,133 ஆம்பளைங்கள வச்சுப் பாத்தாங்க, நுரையீரல் கேன்சர் குறையும்னு நம்பித்தான் ஆரம்பிச்சாங்க, 1994ல பாத்தா மாத்திரை போட்டவங்களுக்கு 18 சதவீதம் கூடியிருக்கு. கேரட் அப்படி எதுவும் பண்ணாது.

நம்ம ஊருக்கு இதவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும், அது டீ. டீயில இருக்குற பாலிஃபீனால் சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்த, குறிப்பா கீரை, பருப்புலேருந்து வர்ற இரும்ப, கெட்டியா புடிச்சுக்கும். சாப்பாட்டோட கட்டன் டீ குடிச்சா இரும்பு உள்ள போறது 79லேருந்து 94 சதவீதம் வரைக்கும் குறையுதுன்னு அளந்திருக்காங்க, பால் ஊத்தினாலும் இந்த விஷயத்துல பெரிய மாத்தம் இல்ல. தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. காலையில இட்லி சாப்பிட்டு வாய் கழுவுறதுக்குள்ள டீ, சாயங்காலம் சுண்டலோட டீ, அப்புறம் ஹீமோகுளோபின் ஒம்போதுன்னு ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு இரும்பு மாத்திரை, அதையும் டீயோட முழுங்குறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சாலே பெரிய வித்தியாசம். எந்த சாமான் ரத்தக்குழாய்க்கு நல்லது பண்ணுதோ அதே சாமான்தான் இந்த வேலையையும் பண்ணுது, அதுக்கு நல்லவன் கெட்டவன்னு பேரு வைக்கறது நாமதான்.

இன்னொண்ணு, அத்தைக்கு பிரஷருக்கும் ரத்தம் உறையாம இருக்கவும் மாத்திரை ஓடுது. இந்த மாதிரி சாறு வடிச்ச கேப்ஸ்யூல் எல்லாம் மருந்த உடைக்கிற கல்லீரல் என்சைம்கள்ல கை வைக்கக் கூடியது, மருந்து ரத்தத்துல தேங்கலாம் இல்ல சீக்கிரம் போயிடலாம். சாப்பாட்டு அளவுல இந்தக் கவலை ரொம்பக் கம்மி, கேப்ஸ்யூல் அளவுல டாக்டர கேக்காம தொடக்கூடாது. டப்பாவுல எது எவ்வளவு மில்லிகிராம்னு தேடுனேன், 'தனியுரிமைக் கலவை'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு, மொத்தமா 500. உள்ள என்ன இருக்குன்னு சொல்லாத சாமானுக்கு நான் என்னத்த ஒரு வார்த்தையில தீர்ப்பு சொல்றது.

அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு ரெண்டே கேள்வி கேட்டாங்க. நெல்லிக்காயும் இதுதானான்னாங்க, அதுல முக்கியமா விட்டமின் சியும் டானினும் அத்தை, இந்தக் கூட்டம் கொஞ்சம்தான்னேன். அப்புறம், டப்பாவ திருப்பி எடுத்துக்குவாளான்னாங்க. எடுத்துக்கல, சீல் உடைச்சுட்டாங்களாம். இப்ப அது அவங்க வீட்டு சாமி ரூம் அலமாரியில மேல் தட்டுல இருக்கு, ரெண்டு கேப்ஸ்யூல் குறைச்சலா. போன வாரம் போன்ல பேசினப்ப சங்குப்பூ தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பேரனுக்குக் காட்டினாங்களாம், ஊதாவா மாறிச்சாம், ஆனா அவன் குடிக்க மாட்டேன்னுட்டானாம், சோப்புத்தண்ணி மாதிரி இருக்காம்.